சம்பளம் 21,000 தாண்டினால் இ.எஸ்.ஐ. அன்றே நின்றுவிடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி, இ.எஸ்.ஐ. பற்றி, அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கான தொழிலாளர் அரசுக் காப்பீடு பற்றிக் கேட்டிருக்கிறார். இப்போது மாதச் சம்பளம் 20,400. ஏப்ரல் 1 முதல் 23,500 ஆகிறது. "21,000 தாண்டிவிட்டது, ஏப்ரல் 1-ஆம் தேதியோடு உனக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, கம்பெனியின் 3 லட்ச ரூபாய் குரூப் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் சேர்த்துவிடுகிறோம், பெற்றோரைச் சேர்க்க வேண்டுமானால் பிரீமியம் நீதான் கட்ட வேண்டும்" என்று எச்.ஆர். சொல்லியிருக்கிறார்கள். மனைவிக்கு மே மாதம் பிரசவம். கூடவே இருக்கும் அப்பாவுக்கு 63 வயது, இ.எஸ்.ஐ. ரெஃபரலில், அதாவது அவர்கள் கடிதம் கொடுத்து அனுப்பிய வெளி மருத்துவமனையில், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. "சம்பள உயர்வே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பயம் நியாயமானது. இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சாலைகளில் பேரோல், வெல்ஃபேர் பிரிவுகளில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொழிலாளி குடும்பங்கள் அதிகம் அடிபடுவது வேலை போகும்போது மட்டுமல்ல, இந்த 21,000 ரூபாய்க் கோட்டைத் தாண்டும்போதும்தான். சம்பளம் மூவாயிரம் கூடும், மருத்துவப் பாதுகாப்பு லட்சக்கணக்கில் குறையும். யாரும் உட்கார வைத்து விளக்கவும் மாட்டார்கள்.

எச்.ஆர். சொன்னது பாதி சரி. அவர்கள் போட்ட ஊதியக் கணக்கு சரி என்றால், ஏப்ரல் 1 முதல் உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் நிற்கும். ஆனால் பிடித்தம் நிற்பதும் மருத்துவ உரிமை நிற்பதும் ஒன்றல்ல.

இ.எஸ்.ஐ.யில் வருடம் இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரிகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் காலம் உண்டு. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கான பயன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்கான பயன் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருந்தால், அதற்குரிய பயன் காலம் முடியும் வரை உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ உரிமை உண்டு.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். போன ஏப்ரல்–செப்டம்பர் முழுக்கக் கட்டியிருக்கிறீர்கள், அது இந்த ஜூன் 30 வரை காப்பாற்றும். அக்டோபரிலிருந்து கட்டிக்கொண்டிருப்பது ஜூலை முதல் டிசம்பர் 31 வரை காப்பாற்றும். ஆக, ஏப்ரலோடு பிடித்தம் நின்றாலும் இந்த வருடக் கடைசி வரை நீங்கள் இ.எஸ்.ஐ. மருத்துவத்துக்கு உரியவர். மே மாதப் பிரசவமும் இதற்குள் வந்துவிடுகிறது, அப்பாவின் டயாலிசிஸும் வந்துவிடுகிறது.

அடுத்தது, பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். பங்களிப்புக் காலம் தொடங்கும் நாளில் உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருந்து, நடுவில் தாண்டினால், அந்தக் காலம் முடியும் வரை நீங்கள் இ.எஸ்.ஐ.யில்தான் இருப்பீர்கள். உங்கள் உயர்வு ஏப்ரல் 1-க்குப் பதில் மே 1 முதல் என்று வந்தால், செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரும், அதற்கான பயன் காலம் அடுத்த வருடம் ஜூன் 30 வரை ஓடும். ஒரு மாதம் தள்ளிப்போவதில் ஆறு மாதப் பாதுகாப்பு கூடுகிறது. நீங்கள் இழப்பது 3,100 ரூபாய். ஆறு மாதம் என்றால் 26 வாரம், 78 டயாலிசிஸ். ஒரு முறைக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,56,000 ரூபாய். கம்பெனிக்கும் பெரிய பாரமில்லை. 23,500-க்கு அவர்கள் பங்கு 3.25 சதவீதம், மாதம் 764 ரூபாய். உங்கள் பங்கு 0.75 சதவீதம், 177 ரூபாய். உயர்வு உத்தரவு கையெழுத்தாகும் முன்பே எச்.ஆரிடம் போய், காரணத்தையும் சொல்லி, மே முதல் அமல்படுத்தக் கேளுங்கள். நான் பார்த்தவரை, காரணம் தெரிந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சம்பள உயர்வைத் தள்ளிப்போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்களுக்கு இது தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

இதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தக் கணக்கில் 21,000 தாண்டுகிறது? சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் ஊதியம் என்பதற்கான வரையறை பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் இருந்ததல்ல. பழையதில் வீட்டு வாடகைப்படியும் ஊதியக் கணக்கில் சேரும். புதியதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் முக்கியம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம் போன்றவை விலக்கு. ஆனால் இப்படி விலக்கியவற்றின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி திரும்ப ஊதியத்தில் சேரும். உங்கள் 23,500-இல் வீட்டு வாடகைப்படி 6,500, போக்குவரத்துப்படி 2,000 என்று வைத்துக்கொள்வோம். விலக்கு 8,500, பாதியைத் தாண்டவில்லை. மிச்சம் 15,000. சட்டத்தின் வாசகப்படி இது 21,000-க்குள்தான் வருகிறது. ஆகவே புதிய சம்பளத்தின் பிரிவு என்ன, இ.எஸ்.ஐ.க்கு எந்தத் தொகையை ஊதியமாக எடுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்தத் தாளோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். நீங்கள் வெளியேறவே வேண்டாம் என்ற பதில்கூட வரலாம்.

வெளியேறத்தான் வேண்டும் என்றால், எச்.ஆர். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் என்ன காரணம் பதிகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்குரிய காரணம் 'வரம்புக்கு வெளியே சென்றார்'. அவசரத்தில் 'வேலையை விட்டார்' என்று போட்டுவிடுபவர்கள் உண்டு. எங்கள் அசெம்பிளி லைனில் இருந்த ஒரு பெண்ணுக்கு அப்படி நடந்தது. மகனுக்கு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கணினியைப் பார்த்துவிட்டு "நீங்கள் வேலையில் இல்லை என்று காட்டுகிறதே அம்மா" என்றார்கள். கம்பெனி சீருடையில், அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். திருத்தக் கடிதம் கொடுத்து, கிளை அலுவலகம் அலைந்து சரிசெய்வதற்குள் குறித்த தேதி போய்விட்டது. ஏப்ரல் முடிந்ததும் உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்து இணையத்தில் நீங்களே நுழைந்து, தகுதி எந்தத் தேதி வரை காட்டுகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து அப்பாவின் ஃபைலில் வையுங்கள். டயாலிசிஸ் வெளி மருத்துவமனையில் நடப்பதால், ரெஃபரல் கடிதம் புதுப்பிக்கப் போகும்போது தேவைப்படும்.

சரி, குரூப் பாலிசிக்கு வருவோம்.

இ.எஸ்.ஐ.க்கும் இதற்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் இருக்கிறது. 1944-இல் பேராசிரியர் அதார்கர் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்தது 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்தது. சம்பளத்துக்கு ஏற்பக் கட்டு, நோய்க்கு ஏற்பப் பெற்றுக்கொள் என்பதுதான் அதன் அடிப்படை. நீங்கள் இப்போது கட்டுவது மாதம் 153 ரூபாய்தான், ஆனாலும் உங்கள் அப்பாவின் சிகிச்சைக்கு வருடம் இத்தனை ரூபாய்தான் என்று ஒரு உச்சவரம்பு அங்கே கிடையாது. கூட்டம், காத்திருப்பு, மருந்து இல்லை என்று திருப்பி அனுப்புவது, ரெஃபரலுக்கு நடையாய் நடப்பது எல்லாம் உண்மை. நானே வரிசையில் நின்றிருக்கிறேன். ஆனால் டயாலிசிஸ், புற்றுநோய் மாதிரி முடிவில்லாத செலவு வரும்போது அந்த வரிசைக்கு நிகராக எதுவும் இல்லை.

குரூப் பாலிசியில் 3 லட்சம் என்றால் குடும்பம் மொத்தத்துக்கும் வருடத்துக்கு 3 லட்சம். வாரம் மூன்று என்றால் வருடத்துக்கு 156 டயாலிசிஸ். அதே 2,000 ரூபாய்க் கணக்கில் 3,12,000. அப்பா ஒருவருக்கே போதாது, மனைவிக்கும் குழந்தைக்கும் ஒன்றும் மிஞ்சாது. பெற்றோருக்குத் தனித் தொகை உண்டா, அல்லது உங்கள் 3 லட்சத்திலிருந்தே எடுக்கிறார்களா என்பதுதான் எச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. தனித் தொகை என்றால் பிரீமியம் கூட இருந்தாலும் அதையே எடுங்கள்.

பெற்றோரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தயங்காதீர்கள், சேருங்கள். டிசம்பர் வரை இ.எஸ்.ஐ. இருக்கிறதே, ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் கதவு மூடிவிடும். பாலிசி தொடங்கும்போதோ நீங்கள் புதிதாகத் தகுதி பெறும்போதோதான் பெயர் சேர்க்க விடுவார்கள், பெரும்பாலும் 30 நாள். தவறவிட்டால் அடுத்த வருடப் புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டும். கம்பெனி பாலிசியின் உண்மையான மதிப்பு அந்த 3 லட்சத்தில் இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோயை முதல் நாளிலிருந்தே ஏற்றுக்கொள்கிறார்களே, அதில் இருக்கிறது. பெரும்பாலான குரூப் பாலிசிகளில் அப்படித்தான், ஆனால் உங்கள் பாலிசியிலும் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டயாலிசிஸில் இருக்கும் ஒருவருக்குத் தனியாகப் பாலிசி எடுக்க வெளியில் போய்ப் பாருங்கள், அநேகமாக யாரும் கொடுக்க மாட்டார்கள். அப்படியே கொடுத்தாலும் பழைய நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம்.

பெற்றோருக்கு மட்டும் 'கோ-பே' என்று 10 அல்லது 20 சதவீதம் நம் கையிலிருந்து கட்டச் சொல்லும் பாலிசிகள் நிறைய உண்டு. டயாலிசிஸ் ஒரு நாள் சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறதா, அதற்குத் தனி வரம்பு ஏதாவது போட்டிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். பிரசவத்துக்கும் தனி வரம்பு இருக்கும், 50,000 என்பது பரவலாகப் பார்ப்பது.

அப்புறம் ரூம் வாடகை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் படித்தவர்களே இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பல பாலிசிகளில் ஒரு நாள் ரூம் வாடகை, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரைதான். 3 லட்சம் என்றால் 3,000. எங்கள் வெல்டிங் பிரிவில் ஒருவர் தன் அப்பாவை ஒரு மருத்துவமனையில் 6,000 ரூபாய் அறையில் சேர்த்தார். நான்கு நாள். மீதி வாடகை பன்னிரண்டாயிரத்தை நாம் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். பில் ஏறக்குறைய இப்படி: அறை 24,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் சேர்த்து 1,00,000, மருந்து, பரிசோதனை, ஸ்டென்ட் 60,000. அனுமதி வாடகையில் இருமடங்கு அறை எடுத்ததால், அதோடு தொடர்புள்ள டாக்டர், தியேட்டர் கட்டணங்களையும் பாதியாக வெட்டிவிட்டார்கள். மருந்து, பரிசோதனை, ஸ்டென்ட் வகைகளில் அப்படி வெட்டக் கூடாது என்பது விதி, அது முழுசாக வந்தது. அறைக்கு 12,000, டாக்டர் வகையில் 50,000, மருந்து வகையில் 60,000, மொத்தம் 1,22,000 வந்தது. அவர் கட்டியது 62,000. சாயங்காலம் பில் கவுண்டரில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்து, "ரூம் வித்தியாசம் பன்னிரண்டாயிரம்தானே சார், இவர்கள் ஏன் அறுபத்திரண்டு கேட்கிறார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சேர்க்கும்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 3,000 ரூபாய் அறையில் படுக்க வைத்திருப்பார். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. பாலிசி கையில் வந்த அன்றே ரூம் வரம்பை போனில் குறித்து வையுங்கள், வீட்டிலும் சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுவது சில சமயம் நீங்களாக இருக்காது.

கேஷ்லெஸ் பற்றிச் சுருக்கமாக: நாம் கட்டாமல், காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பில்லைக் கொடுப்பது. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதிப்படி, முன் அனுமதிக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும் டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் பதில் வர வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதித்து அதனால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்டால், அந்தச் செலவு காப்பீட்டு நிறுவனத்தின் தலையில். கவுண்டரில் இதைச் சொல்லத் தெரிந்தால் போதும், பேச்சின் தோரணையே மாறும். கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் மாதிரி சில்லறை வகைகளைப் பெரும்பாலும் தர மாட்டார்கள், அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்ததும் இரண்டு இடத்தில் பெயர் சேர்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. குடும்பப் பட்டியலில் ஒன்று, குரூப் பாலிசியில் ஒன்று. பெயர் வைக்கக் காத்திருக்க வேண்டாம், 'இன்னாரின் குழந்தை' என்றே மெயில் அனுப்பலாம். வாயால் சொன்னது கணக்கில் வராது.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் வரை நீங்கள் நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். குறிப்பிட்ட நீண்டகால நோய்களுக்கு, இரண்டு வருட வேலைக்கும் பங்களிப்புக்கும் உரிய நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், இன்னும் நீண்ட காலத்துக்கு 80 சதவீதம் கிடைக்கும். வேலையில் அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கினால் 90 சதவீதம். குரூப் பாலிசி மருத்துவமனை பில்லைத்தான் கொடுக்கும், வீட்டு வாடகையைக் கொடுக்காது. வேலை விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு, நீங்கள் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேறிய பிறகு நேரடியாகக் கம்பெனியின் மேல் வருகிறது. மெஷின் பக்கம் நிற்கும் வேலை என்றால், அதற்குக் கம்பெனி தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

வேலையை விட்டால் குரூப் பாலிசி கடைசி நாளோடு போய்விடும். அதனால் உங்களுக்கும் மனைவிக்கும், உடம்பு நன்றாக இருக்கும்போதே, சிறியதாக ஒரு சொந்தப் பாலிசி தொடங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. காத்திருப்புக் காலம் இப்போதே ஓட ஆரம்பித்துவிடும்.

கடைசியாக, அப்பாவுக்கு இன்னொரு வழி. பெற்றோரின் ரேஷன் கார்டு இன்னும் திருவண்ணாமலைப் பக்கம் ஊரிலேயே தனியாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதி உண்டு. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம், டயாலிசிஸும் அதில் உண்டு. உங்கள் வருமானம் இந்த வரம்பைத் தாண்டுவதால், அவர்கள் பெயர் உங்கள் கார்டில் இருந்தால் கிடைக்காது. வி.ஏ.ஓ. மூலம் வருமானச் சான்று வாங்கி, இரண்டு பேரின் ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் திட்ட மையத்துக்கு அழைத்துப் போங்கள். இ.எஸ்.ஐ. முடியும் நாளுக்கு முதல் நாள் இதைத் தொடங்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்து வைத்தால், ஒரு டயாலிசிஸ்கூட விட்டுப்போகாமல் இடம் மாற்றலாம்.

இப்போதைக்குப் புதிய சம்பளத்தின் பிரிவை வாங்குங்கள். அடிப்படை எவ்வளவு, வீட்டு வாடகைப்படி எவ்வளவு என்று எழுதினால், 21,000-க்குள் வருகிறதா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். உயர்வு உத்தரவில் எந்தத் தேதி போடப்போகிறார்கள் என்பதையும் அதற்குள் எச்.ஆரிடம் பேசி வையுங்கள்.